தீவுக்குப் போகாத படகு

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, காரை எடுத்துக்கொண்டு சங்கரலிங்கம் அண்ணாச்சி வீட்டுக்குக் கிளம்பும்போது அவர் மகள் போன் செய்தாள். தூக்கத்திலேயே போய்விட்டாராம். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அன்றைக்குக் கட்டாயம் தீவுக்குப் போவதாகச் சொல்லியிருந்தார்.

நாரணாபுரத்தில் பட்டாசு கம்பெனி நடத்தியவராக அவரை உங்களுக்குத் தெரியும். நாங்கள் இருவரும் சேர்ந்து தூத்துக்குடியில் ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கியது பலருக்குத் தெரியாது. கரையிலிருந்தே தெரிகிற தீவுக்கு ஒருநாள் அதில் போய்வர வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. நான்கு வருடம் ஞாயிறுதோறும் போனோம். போய், படகைக் கழுவினோம்.

அடியில் பாசி சுரண்ட அங்கே எல்லோரும் இரும்புத் தகடு வைத்திருப்பார்கள். அண்ணாச்சி கம்பெனியிலிருந்து பித்தளைத் தகடு கொண்டுவருவார். இரும்பு உரசினால் பொறி பறக்குமாம். கடல் தண்ணீரில் நின்றுகொண்டு தீப்பொறிக்குப் பயந்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கேட்டால், "பழக்கத்தை விட்டா ஆளு போயிருவான்லே" என்பார்.

ஒருநாள் நல்ல காற்று. கிளம்பும் நேரத்தில் கயிற்றுப் பெட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தவர், எல்லாவற்றையும் கரையில் பரப்பிவிட்டார். "ஈரத்தோட எதையும் மூடி வைக்கக் கூடாதுலே. அது பாட்டுக்கு உள்ள சூடாகிக்கிட்டே இருக்கும்." வெடிமருந்து ஈரத்தில் தீப்பிடித்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். ஆனால் இது வெறும் கயிறு. அது காய்வதற்குள் காற்று நின்றுபோனது.

படகின் பாயை மட்டும் மடித்து ஊருக்கே கொண்டுவந்துவிடுவார். வெடி காயும் மேடை காலியாக இருக்கும் நாளெல்லாம் அதில் விரித்துப் போடுவார். வெயிலில் துணி நைந்துவிடும், நிழலில் ஆறவிட்டால் போதும் என்று படகைப் பார்த்துக்கொள்ளும் அந்தோணி தலைபாடாக அடித்துக்கொண்டார். "நம்மூரு வெயிலு எதையும் கெடுக்காது அந்தோணி" என்று சொல்லி முடித்துவிட்டார் அண்ணாச்சி.

காரியம் முடிந்த மறுவாரம், அவர் மகளிடம் பாயை வாங்கிக்கொண்டு நான் தனியாகப் போனேன். படகு பளபளவென்று இருந்தது. அந்தோணியும் நானும் பாயை ஏற்றினோம். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, காற்று பிடித்ததும் அது அப்பளம்போலக் கிழிந்தது. அந்தோணி துடுப்பை எடுத்தார். அண்ணாச்சி இருந்திருந்தால் நன்றாகத் திட்டியிருப்பேன். திட்டுவதற்கும் ஆள் இல்லை.

அவர் நினைவாக அந்தக் கிழிந்த பாய்தான் என்னிடம் இருக்கிறது. ஈரத்தோடு மடிக்க மனம் வராமல் மொட்டை மாடியில் விரித்திருந்தேன். நேற்று மத்தியானம் தூறல் போட்டதும் விழுந்தடித்துக்கொண்டு மேலே ஓடினேன். எடுத்துவந்து கூடத்தில் போட்ட பிறகுதான், கிழிந்த பாய் நனைந்தால் என்ன என்று உறைத்தது.

கோபம் இன்னும் தீரவில்லை, அண்ணாச்சி.