ஜன்னலில் வைத்த வெள்ளைக் கல்

போன வாரம் காஞ்சிபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்து வெள்ளையாக ஒரு டம்ளர் குடித்தேன். கொஞ்ச நாளாகச் சோறு தொண்டையில் நின்று நின்று இறங்குகிறது, படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். கோலமாவைத் தண்ணீரில் கலக்கி, வாசனைக்குப் பேருக்கு எதையோ காட்டினால் எப்படி இருக்கும், அப்படி. நான் முகத்தைச் சுளித்ததும் நர்ஸ் பெண், "பயப்படாதீங்கம்மா, பேரியம்தான். ஒடம்புல கரையாது, அப்டியே வெளிய வந்துடும்" என்றாள். முப்பது வருஷத்துக்கு மேல் அறிவியல் பாடம் நடத்தியவளிடம் சொல்கிறாள். நானும் நல்ல மாணவி மாதிரி தலையை ஆட்டினேன்.

நாக்கில் அந்த மாவு ஒட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒரு கல்லின் ஞாபகம் வந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் எனக்கு முதல் வேலை. தினமும் காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். அந்த பஸ்ஸில் பட்டுநூல் மூட்டைக்கும் கத்தரிக்காய்க் கூடைக்கும் நடுவே நசுங்கியதில்தான் எனக்கு இந்த இடுப்புவலியே வந்தது என்று வீட்டில் சொல்வேன், யாரும் நம்புவதில்லை. பள்ளியில் ஆய்வுக்கூடம் என்று ஓர் அறை உண்டு. அதில் ஒரு பீரோ, ஒரு கழுவும் தொட்டி, ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் பஞ்சு வைத்த அறைகளில் இருபது முப்பது கற்கள். எந்தத் துரை யாருக்குக் கொடுத்தது, எப்படி அங்கே வந்தது, யாருக்கும் தெரியாது.

அதில் ஒன்று விதரைட். வெள்ளையாக, கொஞ்சம் மங்கலாக, அச்சு அசல் படிகாரக் கட்டி. கையில் எடுத்தால்தான் வித்தியாசம் தெரியும். அந்த அளவுக் கல் அப்படிக் கனக்கக் கூடாது. இங்கிலாந்தின் வடக்கே ஈயச் சுரங்கங்களில் ஈயத்தோடு ஒட்டிக்கொண்டு கிடைப்பதாம், வேறெங்கும் அதிகம் கிடையாது. நம்மூர் வயல்களில் காலை இடறும் சுக்கான் கல்லும் இதற்குப் பங்காளிதான். இரண்டுமே கார்பனேட். இரண்டிலும் ஆசிட் விட்டால் சோடாவைத் திறந்த மாதிரி நுரைக்கும். ஆனால் விதரைட் கரைந்த ஆசிட்டில் நனைத்த கம்பியைத் தீயில் காட்டினால் மாங்காய்ப் பச்சையில் எரியும். சுக்கான் கல்லில் கால்சியம், இதில் பேரியம். தண்ணீரில் கரைந்தும் கரையாமலும் சாதுவாக இருக்கும், வயிற்று அமிலம் பட்டால் கரைந்து விஷமாகிவிடும். இங்கிலாந்தின் சுரங்க ஊர்க்காரர்கள் எலிக்கு வைப்பார்களாம்.

இதையெல்லாம் ஏழாம் வகுப்புக்குச் செய்து காட்டினேன். பச்சைத் தீயைப் பார்த்து வகுப்பே வாயைப் பிளந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மணி அடித்ததும் கல்லைக் கழுவிப் பின்பக்க ஜன்னலில் காயவைத்துவிட்டு, நாலரை பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டேன்.

இங்கே கன்னியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்குத் தண்ணீர் எடுத்து வைப்பது, பெருக்குவது எல்லாம் அவள்தான். வயது நாற்பது இருக்கும். புருஷன் இல்லை. ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். அந்த வருஷம் நிரந்தரம் ஆகிவிடும் என்று பெரிய டீச்சர் சொல்லியிருந்தார். தலைமையாசிரியைக்கு அங்கே அதுதான் பேர். ஆய்வுக்கூடத்தின் பின்பக்க ஜன்னலுக்கு வெளியேதான் குடிதண்ணீர்ப் பானை. மழைக்காலத்தில் கிணறு கலங்கி டீ நிறத்தில் வரும் தண்ணீரை அவள் படிகாரத்தால் நாலு சுற்றுச் சுற்றித் தெளியவைப்பாள். அந்தப் படிகாரத்தை வைக்கும் இடம் அதே ஜன்னல்.

"டீச்சர், படிகாரம் கரைஞ்சி பூடுச்சி. காஞ்சிபுரத்துல பாய் கடையில ஒரு கட்டி வாங்கியாறீங்களா?" என்று முந்தைய நாள்தான் என்னிடம் கேட்டிருந்தாள். "ஆகட்டும்" என்று சொல்லியிருந்தேன். மறந்துபோனேன்.

மறுநாள் பத்தேமுக்கால் இருக்கும். கன்னியம்மா ஈரக் கையோடு வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா டீச்சர், நீங்க வாங்கியாந்து வெச்ச படிகாரம் ஒரே பேஜாரா கீது. காலைலேந்து சுத்திக்கினு கீறேன், தண்ணி தெளியவே மாட்டேங்குது. கல்லு மாரி கனக்குது வேற."

அவள் உள்ளங்கையில் என் விதரைட் இருந்தது.

பானையைக் கவிழ்த்தோம். அதற்குள் ஏழெட்டுப் பெண்கள் குடித்திருந்தார்கள். விஷயம் பரவியதும் குடிக்காத பெண்களும் வாந்தி எடுத்தார்கள். மாட்டுவண்டியில் எல்லாரையும் ஏற்றி உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கல்லின் பேரைச் சொன்னேன். டாக்டர் ஒரு தடிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, எல்லாருக்கும் பேதி உப்பைக் கரைத்துக் கொடுத்தார். அந்த உப்பு பேரியத்தைப் பிடித்துக் கரையாத வெள்ளை மாவாக மாற்றிவிடும். போன வாரம் நான் குடித்தது அதே மாவுதான். சாயங்காலத்துக்குள் எல்லாப் பெண்களும் பசிக்கிறது என்று அழ ஆரம்பித்தார்கள். கல்லை யாரும் விழுங்கவில்லையே, தண்ணீரில் இறங்கியது துளியோ என்னவோ.

மறுநாள் பெரிய டீச்சர் என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

"நீங்க சேந்து ஆறு மாசம்கூட ஆகல. கல்லு பொட்டியிலதான் இருந்துதுன்னு எழுதிடுங்க. அவ கேக்காம எடுத்துட்டா. அவ்ளோதான்."

அழுதேன், போராடினேன் என்று எழுத ஆசைதான். ஒன்றும் இல்லை. இந்த விஷம் ஏறினால் முதலில் வாயைச் சுற்றி மரத்துப்போகும், பிறகு கைகால் என்று படித்திருந்தேன். ஒரு சொட்டும் குடிக்காமலே எனக்கு அது நடந்தது. கை பாட்டுக்கு எழுதியது. எழுத்துகூட அழகாக வந்தது, கோடு போட்ட தாள் மாதிரி நேராக. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு அதே நாலரை பஸ்ஸில் வீட்டுக்குப் போய், அம்மா போட்ட தோசையைச் சாப்பிட்டேன். நாலு தோசை.

கன்னியம்மாவை வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள்.

ஆறேழு வருஷம் கழித்து, எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆகியிருந்த சமயம், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். நான் வேறு பக்கம் திரும்புவதற்குள் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா கீறீங்களா டீச்சர்? அன்னிக்கி நீங்க மட்டும் கண்டுபுடிக்கலன்னா நான் கொலகாரி ஆயிருப்பேன். அதுலேந்து யார் வூட்டுக்கு வந்தாலும் என் கையால தண்ணி மொண்டு குடுக்கறதில்ல. அவங்களே மொண்டுக்குவாங்க."

நான் என்னவோ சொல்ல வாயைத் திறந்தேன். அவளே சொன்னாள்.

"அந்தக் கல்ல ஜன்னல்லேந்து எடுத்த மாரிதான் எனக்கு நெனப்பு. அப்புறம் நீங்க பொட்டின்னு எயுதிக் குடுத்தீங்கன்னு சொன்னாங்க. கொயப்பமா பூடுச்சி. டீச்சர் எயுதினா சரியாத்தான் இருக்கும், நான்தான் மறந்துட்டேன்னு வுட்டுட்டேன்."

என் பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

ஸ்கேனில் தொண்டையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. மறுநாள் எதற்கென்று தெரியாமல் அந்த ஊருக்குப் போனேன். கன்னியம்மா செத்துப் பல வருஷம் ஆகிறது என்றார்கள். பெரிய டீச்சரும் இல்லை. பள்ளியை இடித்துவிட்டு இரண்டு மாடி கட்டியிருக்கிறார்கள். பானை இருந்த பக்கம் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின். படிகாரம் என்றால் என்ன என்று ஒரு பெண் கேட்டாள். ஆய்வுக்கூடம் மாடியில், மரப்பெட்டியைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. நான் எழுதிக் கொடுத்த தாள் மட்டும் எங்காவது பழைய காகிதக் கட்டு ஒன்றுக்குள் கிடந்தாலும் கிடக்கும். அந்த ஜன்னல் இருந்த சுவரே இப்போது இல்லை. கல் அதில்தான் இருந்தது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான் பாக்கி.