அவுட்டரில் நிற்கும் என் ரயில்

இன்று காலை மேல்வீட்டு ஸ்டெல்லா அக்கா என் ரயிலைப் பார்க்க வந்தார்.

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டின் சின்ன அறையை அடைத்துக்கொண்டு மூன்று வருடமாக நான் கட்டிவரும் குட்டி ரயில் பாதை அது. அக்கா நிஜமான சரக்கு ரயில் ஓட்டுபவர். அதனால் ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவனைப் போலப் பக்கத்தில் நின்றேன்.

மஞ்சள் பெயர்ப்பலகை, தண்டவாளச் சரளைக்கல், பெஞ்சில் தூங்கும் நகமளவு மனிதர் என எல்லாவற்றையும் குனிந்து பார்த்தார்.

"சக்கத்தா, சூப்பரா இருக்குப்பா. ஆனா ஓடறது மட்டும் நிஜம் மாதிரி இல்ல."

என் முகம் தொங்கிப்போனது.

"கொடு, ஓட்டிக் காட்டறேன்."

கன்ட்ரோலரை வாங்கி ரயிலை மெதுவாகக் கிளப்பினார். ஸ்டேஷனுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்திவிட்டார்.

"ஏன்க்கா நின்னுடுச்சு?"

"அவுட்டர்ல சிக்னல் கிடைக்கல. வெயிட் பண்ணு."

"பிளாட்பாரம் காலியாத்தானே இருக்கு?"

"எப்பவும் காலியாத்தான் இருக்கும்."

என் மனைவி காபி கொண்டுவந்தாள். இருவரும் காபி குடித்து, தண்ணீர் லாரி வராத கதையைப் பேசி முடித்தார்கள். ரயில் அசையவில்லை. டியூட்டிக்கு நேரமாச்சு என்று அக்கா எழுந்தார்.

"அக்கா, அப்ப என் ரயிலு?"

"இந்த ரயில்ல என் டியூட்டி முடிஞ்சுதுப்பா. அடுத்த டிரைவர் வந்து எடுப்பாரு."

மாலை ஆகிவிட்டது. ரயில் இன்னும் அங்கேதான் நிற்கிறது. கன்ட்ரோலர் பக்கத்திலேயே இருந்தும் தொட எனக்குத் துணிவில்லை.

சிக்னல் போட அதிகாரம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் கமெண்டுக்கு வரவும்.