மற்றக் கம்பு

குவேக்கர் என்கிற கிறிஸ்தவ சபை ஆக்களின் மண்டபத்தில் எனக்குத் துப்புரவு வேலை. அவர்களுடைய வழிபாட்டில் பாதிரியார் இல்லை, பாட்டில்லை. வட்டமாக இருந்து பேசாமல் இருப்பார்கள். நான் பூசைக்குப் போகிற வேதக்காரன். முதல் நாள் பார்த்தபோது ஆரோ செத்துப்போனார்கள் என்று நினைத்தேன்.

அங்கே வருகிற ஒரு வெள்ளைக்காரக் கிழவிக்கு முழங்கால் சரியில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிய, அவவை என் காரில் டவுன்ரவுனுக்குக் கொண்டுபோவேன். ஒரு எம்.பி.யின் ஒஃபிசுக்கு முன்னால் அவவும் வேறு சிலரும் பதாகை பிடித்து நிற்பார்கள். காசாவில் குண்டு போடுவதை நிறுத்து, பிடித்து வைத்திருக்கிற ஆக்களை விடு, ஆயுதம் அனுப்பாதே என்று எழுதியிருக்கும். பலஸ்தீனக் கொடியோடு வந்தவர்களும் ஏசினார்கள், இஸ்ரேல் கொடியோடு வந்தவர்களும் ஏசினார்கள். ஆர் ஏசினாலும் திருப்பி ஏசக்கூடாது. அது பதாகை பிடிக்கிற ஆக்களின் சட்டம். நான் காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இருப்பேன்.

போன மாரியில் ஒரு வெள்ளி. நல்ல ஸ்னோ. வேறு ஒருவரும் வரவில்லை. பதாகைக்கு இரண்டு பக்கமும் கம்பு. ஒரு ஆளால் பிடிக்க ஏலாது. அவ ஒரு கம்போடு நின்று என்னைப் பார்த்தா. கேட்கவில்லை. நான் இறங்கிப் போய் மற்றக் கம்பைப் பிடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் கோப்பிக் கப்போடு ஒருத்தன் வந்தான். எங்கடை பெடியன். முன்பு மிசிசாகாவில் என்னோடு வேலை செய்தவன். என் சேர்ச்சுக்குத்தான் வாறவன்.

“அண்ணை! உதென்ன கோலம்? சேர்ச் பெருநாளுக்குக் கொடி பிடிக்கிற மாதிரி நிக்கிறியள்?”

நான் தொப்பியைக் கீழே இழுத்துவிட்டேன்.

“கிழவி சம்பளம் தாறாவோ?”

“விசர்க்கதை கதையாதை.”

“இல்லையண்ணை, சும்மா கேக்கிறன். ஊரிலை எங்கடை சனம் சாகேக்கை உவையள் எங்கை நிண்டவை? ஒருத்தரும் வரேல்லை. இப்ப ஆற்றையோ சண்டைக்கு நீங்கள் குளிருக்கை நிண்டு விறைக்கிறியள்.”

எனக்குப் பதில் தெரியும். ஊரில் கடைசிச் சண்டை நடந்த வருடம், இதே டவுன்ரவுனில் நாங்கள் றோட்டில் குந்தியிருந்து கத்தியபோது, ஓரத்தில் ஒரு வெள்ளைக்காரி அட்டை பிடித்துக்கொண்டு நின்றவ. நான் கண்ணால் கண்டனான். எங்கள் ஆக்கள் தேத்தண்ணி கொடுத்தார்கள். குடித்துவிட்டுத் திரும்பவும் நின்றவ. மண்டபத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே அது இந்தக் கிழவிதான் என்று மட்டுக்கட்டிவிட்டேன்.

“இவ நிண்டவ” என்றால் போதும். சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வாசலில் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், அதுதான் தலைக்குள் ஓடியது.

“நான் சும்மா டிறைவர்தான்ரா” என்றேன். கம்பைச் சுவரில் சாத்தினேன். அது விழுந்தது.

“அப்பிடிச் சொல்லுங்கோ” என்று சிரித்துவிட்டு அவன் போனான். நான் காருக்குள் போய் இருந்தேன். துணி பாதி ஸ்னோவில் கிடந்தது. அவ தன் பக்கத்தை விடவில்லை. நேரம் முடியுமட்டும் நின்றா. நான் இறங்கவில்லை.

திரும்பி வரும்போது ஹீட்டர் காற்றை என் பக்கம் திருப்பிவிட்டா. அதைவிட ஏசியிருக்கலாம்.

அடுத்த வெள்ளியும் அவ தனியத்தான். பைக்குள் கயிறு கொண்டுவந்திருந்தா. மற்றக் கம்பை லைற் கம்பத்தோடு கட்டினா.

“நீ காரில் இரு, குளிர்” என்றா. குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

என் இடத்தில் லைற் கம்பம் நின்றது. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு இருப்பது. இறங்கிப் போய்க் கயிற்றை அவிழ்த்தேன். முடிச்சு இறுக்கம். கிளவுசைக் கழற்றி, கடைசியில் பல்லாலும் இழுத்தேன். கம்பைப் பிடித்தேன்.

பிடித்தபடி, அவன் வாறானோ என்று றோட்டைத்தான் பார்த்தேன். சொல்ல வேண்டியதை வாய்க்குள் வைத்திருந்தேன். அவன் வரவில்லை. நல்லதாய்ப் போச்சு என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் வெட்கம்தான்.