பிளாப்பியின் மூலையில் ஒரு துளை

உதியன்குளங்கரையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். போன வருடம் கொல்லயில் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வயதான கணவனும் மனைவியும் ஒரு பழைய பிளாப்பி டிஸ்க்கோடு வந்தார்கள். கணவர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். அங்கிருந்த ஒர்க்ஸ்டேஷன் என்ற பெரிய கம்ப்யூட்டரில் தன் குரலைப் பதிந்து இந்த பிளாப்பியில் வைத்திருந்தாராம்.

“தொண்டையில ஆபரேஷன் கழிஞ்சு இவருக்குப் பேச்சு இல்ல மக்கா. இவருக்க சத்தம் இதுல மட்டும்தான் உண்டு,” என்றார் மனைவி.

பிளாப்பியைச் செருகினேன். ஒர்க்ஸ்டேஷனில் எழுதியதை என் கம்ப்யூட்டருக்குப் படிக்கத் தெரியவில்லை. வெற்று டிஸ்க் என்று நினைத்து, ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்டது. கைப்பழக்கத்தில் ‘ஆம்’ என்று அழுத்திவிட்டேன்.

ஃபார்மேட் செய்தால் எல்லாம் அழிந்துவிடும். டிரைவ் கரகரத்தது. கணவர் என் தோளருகே நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரால்தான் பேச முடியாதே என்று தோன்றியது.

“டிஸ்க் முன்னமே கெட்டுப்போச்சு ஆக்கும் அம்மா,” என்றேன்.

அந்த அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கணவர் பிளாப்பியை உருவி, மூலையில் திறந்திருந்த சின்னத் துளையைக் காட்டினார். பிறகு ஒரு தாளில் எழுதி என் கையில் கொடுத்தார்: ‘நீ அழுத்தியதைப் பார்த்தேன். இந்தத் துளை திறந்திருந்தால் எதுவும் அழியாது. வேறு புரோகிராமில் படி.’

அரை மணி நேரத்தில் ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது. “மணி ஒண்ணாச்சு. சோறு உண்ண வாறேன்.”

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீ மிடுக்கன் மக்கா, நல்ல கெட்டிக்காரன்,” என்றார். கணவரும் தலையாட்டினார்.

அவரால் பேச முடியாது என்ற தைரியத்தில்தான் பொய் சொன்னேன். எழுத முடிந்தும் அவர் மனைவியிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.