கேள்வி நேரத்தில் என் அக்கா

என் அக்கா செத்துப்போன மறு கோடையில் அவளைப் பற்றிச் சட்டமன்றத்தில் பேசினார்கள். அதைக் கேட்க நானும் அவள் கணவரும் போயிருந்தோம்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது பள்ளிப்பட்டுப் பக்கம், ஆற்றுக்கு அந்தாண்டை இருக்கும் ஒரு சின்ன ஊரில். ஆற்றைத் தாண்ட ஒரு தரைப்பாலம்தான் உண்டு. வருஷத்தில் பாதிக்கு மேல் அந்த ஆற்றில் மணலும் முள்செடியும்தான் கிடக்கும். மழைக்காலத்தில் ஆந்திரா பக்கம் அணையைத் திறந்துவிட்டால் பாலம் இருக்கும் இடமே தெரியாது. அப்படி ஒரு நாளில்தான், கரும்பில் காய்ந்த சோகை உரிக்கப் போன அக்காவைக் கண்ணாடி விரியன் கடித்தது.

அக்கா வீட்டுக்காரரை நாங்கள் பாவா என்றுதான் கூப்பிடுவோம். பாவா அவளை மோட்டார் சைக்கிளில் வைத்து ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்துவிட்டார். நான் திருத்தணியிலிருந்து ஆம்புலன்ஸோடு போனேன். நாங்கள் போய் நின்றது எதிர்க்கரை. நடுவில் செம்மண் நிறத்தில் தண்ணீர் மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு ஓடியது. பாவா மடியில் அக்கா தலை வைத்துப் படுத்திருப்பது எனக்குத் தெரிந்தது. அவள் கட்டியிருந்த புடவை எது என்பதுகூடத் தெரிந்தது. ஆம்புலன்ஸில் வந்த பெண் என் போனை வாங்கி, காலை அசைக்காதீர்கள், அவரைத் தூங்கவிடாதீர்கள், பேசிக்கொண்டே இருங்கள் என்று பாவாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். டிரைவர் சுற்றுவழியில் போய்விடலாம் என்று வண்டியைத் திருப்பினார். அப்போது அந்தக் கரையில் பாவா போனைக் காதிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். அணைக்கவில்லை, வைத்தார். எங்கள் பக்கத்தில் தண்ணீர்ச் சத்தமும் அங்கே கூடியிருந்த பெண்கள் அழுகிற சத்தமும் போன் வழியாக ஒரு தடவை, காற்று வழியாக ஒரு தடவை கேட்டது. டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டார்.

திருத்தணியில் தாலுகா ஆபீஸ் பக்கம் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அந்தத் தொகுதி எம்.எல்.ஏ.வின் உதவியாளர் கடைக்கு அடிக்கடி வருவார். கோடையில் சபை கூடியபோது ஒரு நாள் வந்து, உங்க அக்கா விஷயத்தைத் தலைவர் கேள்வியாகப் போட்டிருக்கிறார், கேள்வி நேரத்தில் வருகிறது, குடும்பத்து ஆள் வந்து மேலே உட்கார்ந்தால் நன்றாக இருக்கும், பாஸ் நான் வாங்கித் தருகிறேன் என்றார். நான் பாவாவுக்குப் போன் செய்தேன். அவர், "பெரிய சபையில பேசுறாங்கன்னா பாலம் வந்துரும்தானே?" என்று கேட்டார். வரும் என்றேன். எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது.

விடிந்ததும் மின்சார ரயிலில் கிளம்பினோம். பாவா புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மடிப்பு கலையக் கூடாது என்று சீட்டில் சாயாமலே வந்தார். அவரைப் பேசச் சொன்னால் என்ன பேசுவது என்று வழியெல்லாம் கேட்டார். அங்கே நம்மைப் பேச விடமாட்டார்கள், கேட்க மட்டும்தான் என்று சொன்னேன். "ஆங், சரி" என்றார். ஆனாலும் அரக்கோணம் தாண்டியதும் மறுபடி கேட்டார். அவர் மனசுக்குள் என்னவோ தயார் செய்துகொண்டிருந்தார்.

வாசலில் போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாக்கெட்டைத் தடவிப் பார்த்து, பாவாவின் பொட்டலத்திலிருந்த வெற்றிலையைக்கூட எடுத்துக்கொண்டார்கள். மேலே பார்வையாளர் மாடத்தில் கால்மேல் கால் போடக் கூடாது, பேசக் கூடாது, கைப்பிடிச் சுவரில் சாயக் கூடாது என்று சீருடைக் காவலர் ஒருவர் ஒவ்வொரு வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எங்களுக்குக் கடைசி வரிசை. முன்னால் ஏதோ ஒரு கல்லூரியிலிருந்து வந்த பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

கீழே பாதி இருக்கைகள் காலி. இருந்தவர்களும் ஒருவர் காதில் ஒருவர் பேசிக்கொண்டும், சீட்டு எழுதி அனுப்பிக்கொண்டும் இருந்தார்கள். ஒரு ஊருக்குத் துணை மின்நிலையம், ஒரு ஊருக்குப் பேருந்து நிலையம், ஒரு கோயில் குளத்துக்குச் சுற்றுச்சுவர். கேட்பவர் எழுந்து தன் தலைவருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கேட்பார். அமைச்சர் எழுந்து தன் தலைவருக்கு நன்றி சொல்லிவிட்டு, நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும் என்பார். மேசையைத் தட்டுவார்கள். பாவா ஒவ்வொரு தடவையும் நம்முடையதா என்பதுபோல என்னைப் பார்ப்பார். நான் இல்லை என்று தலையாட்டுவேன்.

எங்கள் கேள்வி வந்தது. எம்.எல்.ஏ. எழுந்து உயர்மட்டப் பாலம் கட்ட அரசு முன்வருமா என்று கேட்டார். ஆய்வில் இருக்கிறது என்றார் அமைச்சர். துணைக் கேள்வியாக எம்.எல்.ஏ., பாலம் இல்லாததால் பாம்பு கடித்த ஒரு பெண் ஆற்றங்கரையிலேயே இறந்துபோனார் என்று சொன்னார். அவர் குரல் நன்றாகத்தான் இருந்தது.

அமைச்சர் சிரித்த முகமாக எழுந்தார். "பாம்பு கடித்தது கரும்புக் கொல்லையில். உறுப்பினர் பாலத்தைக் கேட்கிறார். பாலம் கட்டினால் பாம்பு கடிக்காது என்று உறுப்பினர் உத்தரவாதம் தருவாரா?"

சபை சிரித்தது. இரண்டு பக்கமும் சிரித்தது. எம்.எல்.ஏ.வும் சும்மா இல்லை. பாம்புக்குக் கட்சி வேறுபாடு தெரியாது, அமைச்சர் தொகுதிக்கும் அது வரலாம் என்றார். இன்னும் பெரிய சிரிப்பு. காதில் பேசிக்கொண்டிருந்தவர்களும் திரும்பி, என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார்கள். அவைத் தலைவர் கையை உயர்த்தி, போதும், பாம்பை அவைக்குறிப்பிலிருந்து நீக்கிவிடுகிறேன் என்றார். மேசைகளைத் தட்டுகிற சத்தம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. முன்வரிசைப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். காவலர் அவர்களை முறைத்தார். அவர் உதடும் கோணியிருந்தது.

பாவாவுக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம். அங்கே ஒலிபெருக்கியில் எல்லாம் எதிரொலித்தது. அவருக்குப் பாதி புரியவில்லை. எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று தெரிந்து, மரியாதைக்கு அவரும் சிரித்த முகமாக இருந்தார். என் பக்கம் குனிந்து, "இன்னாவாம்? குடுத்துட்டாங்களா?" என்று கேட்டார். காவலர் வந்து அவர் தோளில் விரலால் தட்டி, பேசினால் வெளியே போக வேண்டியிருக்கும் என்றார். பாவா உடனே கைகட்டி நேராக உட்கார்ந்துகொண்டார். கீழே அடுத்த கேள்வி போய்க்கொண்டிருந்தது. ஒரு கால்நடை மருந்தகம்.

இடைவேளையில் உதவியாளர் எங்களைக் கீழே நடைக்கூடத்துக்கு அழைத்துப் போனார். எம்.எல்.ஏ. சந்தோஷமாக இருந்தார். இவ்வளவு நேரம் ஒரு கேள்விக்குக் கிடைப்பதே அபூர்வம், சபை முழுக்க நம் ஊரைக் கவனித்தது என்றார். அந்த நேரம் பார்த்து அமைச்சரே அந்த வழியாக வந்தார். எம்.எல்.ஏ. பாவாவின் முழங்கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

"இவர்தாண்ணே அந்தப் பாம்பு கேஸு."

அமைச்சர் நின்றார். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. பாவாவின் கையைத் தன் இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டார். என்ன பாம்பு என்று அக்கறையாகக் கேட்டார். பாவா தொண்டையைச் செருமினார். ரயிலில் தயார் செய்ததைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"கண்ணாடி விரியன்ங்க," என்றார் பாவா.

அது பொல்லாதது, தன் சின்ன வயதில் வீட்டுக் கூரையிலிருந்தே ஒன்று விழுந்தது, அப்பா ஒரே அடியில் அடித்தார் என்று அமைச்சர் சொல்லத் தொடங்கினார். சுற்றி நின்றவர்கள் ஆர்வமாகக் கேட்டார்கள். கதை முடிந்ததும் போட்டோ எடுத்தார்கள். அமைச்சர் போய்விட்டார். பாவாவின் வாய் இன்னும் பேசத் திறந்தபடியே இருந்தது.

சாயங்கால ரயிலில் கூட்டம். எங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தவர் போனில் வீடியோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். திருவள்ளூர் வருவதற்குள் அது என்ன வீடியோ என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பாவாவை எழுப்பி வாசல் பக்கம் கூட்டிப் போகப் பார்த்தேன். அதற்குள் ஊர்ப் பெயர் அவர் காதில் விழுந்துவிட்டது. நல்ல காது அந்தப் பக்கம் இருந்தது. அவர் முன்னால் சாய்ந்து, "இன்னொரு தபா போடுங்க" என்றார்.

அந்த ஆளுக்கு உற்சாகம். சத்தத்தைக் கூட்டி மறுபடி போட்டுக் காட்டினார். யாரோ சபைச் சிரிப்புக்குப் பின்னால் மகுடி இசையும் சேர்த்திருந்தார்கள். பாவா கடைசி வரைக்கும் பார்த்தார். பார்த்து முடித்ததும் அந்த ஆள், "செம கவுன்ட்டர் இல்ல?" என்று கேட்டார். பாவா, "ஆங்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ மேலயே புரிஞ்சிகினியா?" என்று கேட்டார். புரிந்தது என்றேன். திருத்தணியில் இறங்கிப் பள்ளிப்பட்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டபோது சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

அந்த வீடியோ ஒரு வாரம் ஓடியது. சொந்தக்காரர்களே எனக்கு அனுப்பினார்கள். நம்ம ஊரைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள் பார் என்று ஒருவர். சிரிக்கிற பொம்மை போட்டு ஒருவர். அக்கா மகள் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவள் பெஞ்சைத் தட்டிச் சபை மாதிரி சிரிப்பார்களாம். டீச்சரிடம் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னாளாம். டீச்சர் அது எந்த வீடியோ என்று கேட்டாராம். நான் அவளைத் திருத்தணிக்குக் கூட்டி வந்து எங்கள் வீட்டில் வைத்துப் படிக்க வைத்தேன். வந்த புதிதில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், "அவங்க யாரும் அம்மா பேரையே சொல்லலியே மாமா, அப்புறம் எப்படி அது எங்கம்மான்னு எல்லாருக்கும் தெரிஞ்சிது?" என்று கேட்டாள். என் மனைவி அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

பாவா ஊரில் அந்தத் தரைப்பாலத்து வழியாகத்தான் இன்றைக்கும் வருகிறார், போகிறார். அளக்க ஒரு தடவை ஆட்கள் வந்தார்கள். மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த மழையில் மூங்கிலோடு எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது.

போன கூட்டத்தொடரில் அதே கேள்வியை எம்.எல்.ஏ. மறுபடி கேட்டார். உதவியாளர் பாஸ் வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடையில் பிரதி எடுத்துக்கொண்டே போனில் நேரலை பார்த்தேன். வேறு அமைச்சர் இப்போது. ஆய்வில் இருக்கிறது, நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும் என்றார். எம்.எல்.ஏ. துணைக் கேள்வி எதுவும் கேட்காமல் நன்றி சொல்லி உட்கார்ந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவுமில்லை.

சாயங்காலம் பாவாவுக்குப் போன் செய்து சொன்னேன். மேற்கே கருத்துக்கொண்டு வருகிறது, நாளைக்குள் கரும்பைச் சேர்த்துக் கட்டாவிட்டால் சாய்ந்துவிடும், ஆள் கிடைக்கவில்லை என்றார். மகளிடம் பேசுகிறீர்களா என்று கேட்டேன். கொடு என்றார்.