மூன்று பேரும் ஒத்துப்போன கவிதைகள்

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்ற பழமொழியை எங்கள் உறவில் எனக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் யாராவது ஒருவர் அதையும் சேர்த்துப் பரிமாறுவார். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. முதலில் இயற்பியல் படித்தேன், காந்தங்களைப் பற்றி எம்.ஃபில். முடித்தேன், ஒரு கல்லூரியில் பாடம் நடத்தப் போனேன். பிறகு அஞ்சல் வழியில் ஆங்கில இலக்கியம் படித்து, இருநூறு வருடத்துக்கு முன்னால் மலையையும் காற்றையும் பார்த்து உருகிய ரொமாண்டிக் கவிஞர்கள் மேல் பைத்தியமானேன். நாற்பதைத் தாண்டிய பிறகு, அந்தக் கவிதைகளைக் கணினி தமிழில் மொழிபெயர்க்கும்போது உணர்ச்சியும் கூடவே வந்து சேர்கிறதா என்று முனைவர் பட்ட ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தேன்.

வேலம்பாளையத்தில் பனியன் யூனிட் வைத்திருக்கும் என் அண்ணன், "ஏனம்மிணி, இதையாச்சும் உருப்படியா முடிப்பியா?" என்றார். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். "முடிச்சுப் போட்டு உங்க ஊட்டு வாசல்லயே வந்து காட்டறனுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கணினி வரிகளைக் கொடுத்துவிட்டது. அவற்றில் உணர்ச்சி இருக்கிறதா என்று சொல்ல மனிதர்கள் வேண்டும். எங்கள் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தேன். நோட்ஸில் இருந்ததை அப்படியே திருப்பி எழுதிக் கொடுத்தார்கள். அப்போதுதான் அண்ணன் யூனிட்டின் செக்கிங் பிரிவு நினைவுக்கு வந்தது. தைத்து வந்த பனியனை ட்யூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம், ஊசி ஓட்டை என்று எது இருந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு போட்ட ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார்கள். திருப்பூரில் குற்றம் கண்டுபிடிக்க அவர்களை விட்டால் ஆள் கிடையாது. துணியில் கண்டுபிடிப்பவர்கள் கவிதையில் கண்டுபிடிக்கமாட்டார்களா என்று எனக்குத் தோன்றியது. தோன்றிய நாளில் என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்று பேர் சம்மதித்தார்கள். ஒருவர் மங்கலத்தில் தறி ஓட்டும் குடும்பத்திலிருந்து வருபவர், மூவரில் மூத்தவர். இன்னொருவர் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவர். மூன்றாவது, சின்ன வயதில் பெற்றோருடன் ஒடிசாவிலிருந்து வந்து அனுப்பர்பாளையத்தில் தமிழ்ப் பள்ளியில் படித்த பெண். மதியச் சாப்பாடு முடிந்ததும் செக்கிங் டேபிளைச் சுற்றி மூவரும் உட்காருவார்கள். ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, உணர்ச்சி வந்த வரிக்கு ஒரு குறி, வராத வரிக்கு ஒரு குறி போடச் சொல்வேன்.

ஒரு மாதம் கழித்துக் கூட்டிப் பார்த்தால், மூவரும் எல்லா வரிக்கும் ஒரே பதில் போட்டிருந்தார்கள். அதுவும் கிட்டத்தட்ட எல்லா வரியும் பிரமாதமாம்! எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. யூனிட் முழுவதுக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். ஆய்வேட்டை எழுதி, கட்டி, அனுப்பிவிட்டேன்.

வெளியூர்த் தேர்வாளரின் அறிக்கை வந்தது. மூன்று மனிதர்கள் கவிதையில் இப்படி ஒத்துப்போவது உலகத்தில் நடக்காத காரியம், இந்தத் தரவு வீட்டில் உட்கார்ந்து எழுதியதாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தார். ஆறு மாதத்தில் தக்க விளக்கம் தராவிட்டால் ஆய்வேடு நிராகரிக்கப்படும்.

தோற்றுப்போவதை நான் தாங்கியிருப்பேன். பொய் எழுதினாள் என்று பெயர் வாங்கினால் கல்லூரியில் எந்த முகத்தோடு பாடம் நடத்துவது? அன்றைக்கே நான்கு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் நெறியாளர் அதைப் படித்துவிட்டு, "இதை அனுப்பினா அவர் சொன்னது உண்மைன்னு ஆயிடும்" என்று மடித்துத் தன் மேஜைக்குள் போட்டுக்கொண்டார்.

கோபம் அடங்காமல் யூனிட்டுக்குப் போனேன். மூவரையும் மறுபடி உட்காரவைத்து, பழைய தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டு, இந்த முறை பக்கத்திலேயே நின்று பார்த்தேன். மங்கலத்து அக்கா முதலில் குறி போட்டார். மற்ற இருவரும் அதை எட்டிப் பார்த்துவிட்டு அதே குறியைப் போட்டார்கள். ஒரு மாதமாக இதுதான் நடந்திருக்கிறது. நான் ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஏன் அதையே போடறீங்க?" என்று கேட்டேன்.

ஒடிசாப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "பெரியவுங்க ஒண்ணு சொன்னப்புறம் நாங்க எப்படீங்க மாத்திச் சொல்றது?"

"சரி, அக்கா, நீங்களாவது ஒரு வரி நல்லா இல்லைன்னு சொல்லியிருக்கலாமே?"

மங்கலத்து அக்கா சங்கடத்தோடு சிரித்தார். "நீங்க ராப்பகலா முக்கி முக்கி எழுதிக் கொண்டாரீங்க. மூஞ்சிக்கு நேரா நல்லா இல்லீங்கன்னு எப்படீங்க சொல்றது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அக்கா, இது நான் எழுதினது இல்லைங்க. வெள்ளைக்காரன் எழுதினதைக் கம்ப்யூட்டர் தமிழ்ல மாத்தினது."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அட, இதை மொதல்லயே சொல்றதில்லீங்களா!" என்றார் மங்கலத்து அக்கா. தூத்துக்குடி அக்கா தாளைத் தள்ளி வைத்துவிட்டு, "நல்லவேள, நீங்க எழுதுனதுன்னுல்லா நெனச்சேன். பாவம் டீச்சருக்கு இப்படியா எழுத வரும்னு வீட்டுக்காரர்ட்டகூடச் சொன்னேன்" என்றார்.

அறிவியல் முறை, மாதிரித் தேர்வு என்று பக்கம் பக்கமாக எழுதியவள், இது யார் எழுதியது என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அதுவும் முதலாளியின் தங்கை. அவர்கள் வேறு என்ன செய்வார்கள்? வெட்கத்தில் அண்ணன் முகத்தைக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரத்திலிருந்து மூவருக்கும் மூன்று மூலையில் இடம் போட்டேன். பேனாவைப் பிடுங்கிக்கொண்டு உணர்ச்சி வராத வரியில் ஒட்ட அவர்கள் கைப்பழக்கமான ஸ்டிக்கரையே கொடுத்தேன். தாள்கள் அம்மை போட்டதுபோல் திரும்பி வந்தன. யாராவது ஒருவர் ஸ்டிக்கர் ஒட்டாத வரியே இல்லை. முக்கியமாக, மூவரும் ஒத்துப்போன வரி அபூர்வமாகத்தான் இருந்தது. இருவர் சேர்ந்தால் மூன்றாமவர் முரண்டு பிடித்தார். முரண்டு பிடித்தவரும் ஒரே ஆள் இல்லை. வரிக்கு வரி மாறினார்.

இதை நான் எங்கோ பார்த்திருக்கிறேன் என்று யோசித்தபோது, இருபது வருடத்துக்கு முந்தைய எம்.ஃபில். நோட்டு ஞாபகம் வந்தது. ஃப்ரஸ்ட்ரேட்டட் மேக்னட் என்பார்கள். நான் தமிழில் தவிக்கும் காந்தம் என்று பெயர் வைத்திருந்தேன். முக்கோணத்தின் மூன்று மூலையிலும் மூன்று அணுக்கள். ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதற்கு எதிர்ப்பக்கம் திரும்பி நிற்க வேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று இரண்டு நின்றுவிடும். மூன்றாவது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றோடு ஒத்துப்போயே ஆக வேண்டும், அது அதற்கு ஆகாது. சம்பந்தி வீட்டுச் சண்டையில் மாட்டிய தரகர் மாதிரி. எவ்வளவு குளிர்வித்தாலும் அந்தப் பொருள் ஒரு நிலைக்கு வராது. ஆனால் அந்தத் தவிப்பையே அளந்துவிடலாம், அதற்குக் கணக்கு உண்டு.

அந்தக் கணக்கை எடுத்து என் மூன்று பெண்களின் தாளில் போட்டேன். எந்த வரியில் கணினி கவிதையைக் கொன்றுவிட்டது, எந்த வரியில் கவிதையே மூன்று விதமாகப் படிக்க இடம் கொடுக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. காந்தமும் கவிதையும் கணினியும் ஒரே பக்கத்தில் வந்து உட்கார்ந்த அன்று, சொல்லக் கூச்சமில்லை, எழுந்து நின்று எனக்கு நானே கை தட்டிக்கொண்டேன். வீட்டில் யாருமில்லை. பழைய தவறான தரவையும் நான் மறைக்கவில்லை. நான் எங்கே சறுக்கினேன் என்று தனி அத்தியாயமாகவே எழுதி, ஆறு மாதம் முடிவதற்குள் ஆய்வேட்டை மறுபடி அனுப்பினேன்.

வாய்மொழித் தேர்வுக்குத் தேர்வாளர் நேரில் வந்தார். அது யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்ற பொதுக்கூட்டம். மூவரும் லீவு போட்டுவிட்டு, கல்யாணத்துக்குக் கட்டும் புடவையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். என் பேச்சு முடிந்ததும் தேர்வாளர், "இந்த மூணு பேரும் நிஜமாவே இருக்காங்களா?" என்று கேட்டார். நான் பின்வரிசையைக் காட்டினேன்.

அவர் திரையில் ஒரு வரியைப் போடச் சொன்னார். மாலைக் காற்று வந்து தன் துயரைத் துடைத்துவிட்டதாகக் கவிஞன் சொல்லும் வரி. "முப்பது வருஷம் கவிதை நடத்தினவன் நான். எனக்கு இது ரொம்ப நல்லா வந்திருக்குன்னு படுது. நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று மங்கலத்து அக்காவைக் கேட்டார்.

கோட்டு போட்ட பெரிய மனிதர், மேடை, மைக். அக்கா ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் நான்கு வருடமும் என் நல்ல பெயரும் அதோடு முடிந்தது.

அக்கா எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "நீங்க பெரியவுங்க. நாலெழுத்துப் படிச்சவுங்க." நான் கண்ணை மூடிக்கொண்டேன். "ஆனா நீங்க சொல்றது தப்புங்க சார். காத்தடிச்சு ஆறுற துக்கம் துக்கமே இல்லீங்க."

"அதெப்படி?" என்று தூத்துக்குடி அக்கா எழுந்தார். "கடக்கரையில ஒரு நா போய் இருந்து பாருங்க, ஆறும். சார் சொல்லுதது சரிதான்."

"ஆறும்ங்க, ஆனா துடைக்காதுங்க" என்றாள் ஒடிசாப் பெண், இருவரையும் பார்த்து. "துடைக்கிறதுக்குக் கை வேணும். காத்து தொட்டுட்டுப் போயிரும், அவ்வளவுதாங்க."

நெறியாளர் பதறிப்போய் அவர்களை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். தேர்வாளர், "விடுங்க, பேசட்டும்" என்று பேனாவை மூடி வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து என்னிடம் வந்து, முதல் அறிக்கையில் எழுதியதற்கு வருத்தம் தெரிவித்துக் கை கொடுத்தார். அண்ணன் முன்வரிசையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

எனக்கு முனைவர் பட்டம் வழங்கப் பரிந்துரைப்பதாக மைக்கில் அறிவித்தார்கள். அரங்கம் கை தட்டியது. கடைசி வரிசையில் மட்டும் யாரும் தட்டவில்லை. அந்த மூவரும் காற்றைப் பற்றிய சண்டையை இன்னும் விடவில்லை.