கிராம்பு குத்திய எலுமிச்சம்பழம்

என் வீட்டுக்காரர் வெயிலுக்குப் பழகிவிட்டார். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நார்வேயில் பிறந்து ஐம்பத்திரண்டு வயது வரை அங்கேயே இருந்த மனிதர் இந்த ஜவ்வாது மலை அடிவாரத்தில் எப்படித் தாக்குப்பிடிக்கிறார் என்று போளூரில் காய்கறி விற்கும் அம்மா வரைக்கும் விசாரித்தாயிற்று. வந்த முதல் சித்திரையில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வாக்கிங் கிளம்பினார். சொன்னால் கேட்டால்தானே. சந்தவாசல் போகும் ரோட்டில் பாதி வழியில் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்த ஒருவர் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். அதோடு புத்தி வந்தது. இப்போது இரண்டு வேளை குளிக்கிறார், லுங்கி கட்டுகிறார், எறும்பு ஏறாமல் சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைக்கிறார். காரம் என்னைவிட அதிகமாகச் சாப்பிடுகிறார். பதினெட்டு வருஷம் அங்கே இருந்து நாக்கைக் கெடுத்துக்கொண்டு வந்தவள் நான்தான்.

அவருக்குப் பழகாதது மனுஷர்கள்.

நாங்கள் வந்தது அப்பாவுக்காக. அவருக்கு இரண்டு கண்ணும் மங்கிவிட்டது. அங்கே வந்துவிடுங்கள் என்று போனில் கெஞ்சினேன். "அங்க வந்து இன்னாத்தம்மா பாக்கப் போறேன்" என்றார். கண் போனாலும் வாய் போகவில்லை. சரி, நாம் போவோம் என்றேன். ஒரு வருஷம் இருந்து பார்க்கலாம், பிறகு முடிவு செய்யலாம் என்றார் வீட்டுக்காரர். அவரால் முடியாது என்று ஆகிவிட்டால் அப்பா, அவர் இரண்டு பேரில் ஒருவரை நான் விட வேண்டும். இதை நாங்கள் இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதே இல்லை. ஆனால் தை, மாசி என்று மாசம் ஒவ்வொன்று கழியும்போதும் மீதி எத்தனை என்று விரல்விட்டு எண்ணினேன்.

பக்கத்து வீட்டுக்காரி என்னைவிட ஏழு வயது சின்னவள். ஊரில் மாவு மில் வைத்திருக்கிறாள். என்னை அக்கா என்பாள், அவரை மாமா என்பாள். வாசலில் செருப்பை விட்டால் நேராக அடுப்படிதான். சட்டி மூடியைத் தூக்கிப் பார்த்து "இன்னா கொழம்பு?" என்று கேட்டுவிட்டுத்தான் என் முகத்தையே பார்ப்பாள். வந்த புதிதில் ஒருநாள் அவர் துண்டோடு குளியலறையிலிருந்து வெளியே வர, கூடத்தில் இவள் நிற்கிறாள். அவர் விறைத்துப் போனார். அவள் கொஞ்சமும் அசராமல், "மாமா, காதுல சோப்பு கீது" என்று சொல்லிவிட்டுக் காபித்தூள் வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் அவர் சந்தவாசல் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்து தெருக்கதவில் மாட்டினார். பகலில் கதவைச் சாத்தினார். அரை மணி நேரத்தில் மூன்று பேர் தட்டினார்கள். "அப்பாவுக்கு இன்னாச்சு?" பட்டப்பகலில் கதவு சாத்தியிருந்தால் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் இங்கே அர்த்தம். நாலாவது நாள் அவரே கதவைத் திறந்து வைத்துவிட்டார். "சாத்தினால்தான் இன்னும் அதிகமாக வருகிறார்கள்" என்றார் பாவமாக.

அவரைக் குறை சொல்லவில்லை. அவர் ஊரில் ஒருவரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் அன்பு. பக்கத்து வீட்டில் பத்து வருஷம் இருந்தாலும் கூப்பிடாமல் படியேற மாட்டார்கள். நானும் அங்கே போன முதல் குளிர்காலத்தில், என்னை யாருக்கும் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அழுதிருக்கிறேன். பிறகுதான் புரிந்தது, அவர்கள் எனக்கு மரியாதை செய்துகொண்டிருந்தார்கள்.

ஐப்பசி மழையில் பக்கத்து வீட்டுக்காரிக்குக் காய்ச்சல் வந்தது. போளூரில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். எழுந்து நடக்க முடியவில்லை. மூக்கும் அடைத்துக்கொண்டது. ஊரே போய்ப் பார்த்தது. பிரெட் பாக்கெட், ஹார்லிக்ஸ், சாத்துக்குடி என்று கட்டிலடியில் கடை பரப்பினதுபோல் கிடந்தது. நான் காலையும் மாலையும் போனேன். இவர் மட்டும் போகவில்லை.

"உடம்பு முடியாமல் படுத்திருக்கும் பெண்ணை எப்படிப் போய்ப் பார்ப்பது? தூங்க விடுங்கள்" என்பார். ஆனால் நான் திரும்பி வந்ததும் காய்ச்சல் எத்தனை, சாப்பிட்டாளா, மூச்சு எப்படி என்று துளைத்தெடுப்பார். அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான், பாதிக்கு மேல் வசவு. அவள்மேல் அவருக்கு அவ்வளவு பாசம் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஒருநாள் சாயங்காலம் அடுப்படியில் தனியாக ஏதோ செய்துகொண்டிருந்தார். எலுமிச்சைச் சாறு, இஞ்சி, நம் மலைத்தேன். எல்லாம் கலந்து ஜாம் பாட்டிலில் ஊற்றினார். ஈ மொய்க்காமல் இருக்கப் பீரோவில் கிடந்த சிவப்பு ரவிக்கைத் துணியை வெட்டி வாயில் போட்டு நூலால் கட்டினார். ஒரு முழு எலுமிச்சம்பழத்தில் சுற்றிலும் கிராம்பைக் குத்தினார். முகர்ந்தால் மூக்கடைப்பு விடுமாம், அவர் அம்மாவின் வைத்தியம். காலையில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறார், ஒருவழியாக மனுஷன் அந்த வீட்டுப் படியேறப் போகிறார் என்று சந்தோஷமாக நினைத்துக்கொண்டேன். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் விட்டது என் முட்டாள்தனம்.

மறுநாள் விடியற்காலையில், அந்த வீட்டில் வாசல் தெளிக்கக் கதவைத் திறப்பதற்கு முன்னால் போய், பாட்டிலையும் கிராம்பு குத்திய பழத்தையும் படியில் வைத்துவிட்டு, சத்தம் போடாமல் மலைப்பக்கம் நடக்கப் போய்விட்டார். பேர்கூடச் சொல்லவில்லை. சொன்னால் நன்றி சொல்ல வேண்டிய பாரம் நோயாளிக்கு வந்துவிடுமாம். அன்றைக்கு அமாவாசை.

"எந்தச் சண்டாளி வேல இது! படுத்திருக்கறவள பாடையில ஏத்தப் பாக்கறாளே!"

பக்கத்து வீட்டுக்காரியின் மாமியார் குரல் கேட்டுத்தான் எழுந்தேன். தலையைக்கூட முடியாமல் ஓடினேன். அதற்குள் தெருவே கூடிவிட்டது. படியில் சிவப்புத் துணி கட்டிய பாட்டில், பக்கத்தில் கறுப்புக் கறுப்பாகக் குத்தின எலுமிச்சம்பழம். செய்வினை வைக்கிறவர்கள் ஊசி குத்துவார்கள். இவர் கிராம்பு குத்தியிருந்தார். தூரத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?

வாயைத் திறந்தேன், மூடிவிட்டேன். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் 'என் வீட்டுக்காரர் வைத்தது' என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. எடுத்து எறிந்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று கணக்குப் போட்டேன். வேப்பிலையால் தொட்டு முறத்தில் தள்ளி, முச்சந்தியில் போட்டு உடைத்துக் கற்பூரம் கொளுத்தினார்கள். சாயங்காலம் பூசாரி வந்து படுத்திருந்தவள் கையில் கயிறு கட்டினார்.

"குடித்தாளா?" என்று இவர் கேட்டார்.

"குடித்தாள்" என்றேன். அத்தோடு விடாமல், "ரொம்பப் பிடித்ததாம்" என்றும் சொன்னேன். அவர் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா! அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிப்பதில்லை.

விஷயம் முடியவும் இல்லை. பக்கத்து வீட்டு மாமியாருக்குப் பெரிய மருமகள் ஒருத்தி அடுத்த தெருவில் இருக்கிறாள். கிணற்று மோட்டார் தகராறில் தனிக்குடித்தனம் போனவள். இவள்தான் வைத்திருப்பாள் என்று மாமியார் அவள் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அந்தப் பெண் அழுதுகொண்டே கோயிலுக்குப் போய், ஊர் பார்க்கக் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் அவர் முச்சந்தி வழியாக நடந்து வந்தார். வீட்டுக்குள் வந்து, கையிலிருந்த சிவப்புத் துணியைத் தண்ணீரில் அலசி, பிழிந்து, கொடியில் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"குடித்தாள் என்றாயே."

எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பயத்தில் வந்த சிரிப்பு. சிரித்திருக்கக் கூடாது. கடைசிவரைக்கும் கேட்டுக்கொண்டார்.

"கெட்டது செய்து கெட்ட பேர் வாங்கினால் பரவாயில்லை. இங்கே நான் நல்லது செய்தாலும் அது கெட்டதாகிவிடுகிறது. எனக்கு இங்கே இருக்கத் தெரியவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்ததும் நான் போகிறேன். நீ அப்பாவுடன் இரு."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னார். எனக்குச் சுரீரென்று ஏறியது. "போங்கள், யார் வேண்டாம் என்றது!" என்று கத்திவிட்டு அடுப்படிக்குள் போய், களைந்த அரிசியை மறுபடி மறுபடி களைந்துகொண்டு அழுதேன்.

"இன்னாம்மா, மாப்ள இன்னா சொல்றாரு?" என்று கட்டிலிலிருந்து அப்பா கேட்டார்.

"ஒண்ணும் இல்லப்பா."

வீட்டுக்காரர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். "அந்தப் பெரிய மருமகள், இன்னும் திட்டு வாங்குகிறாளா?"

"ஆமாம்."

"அப்படியானால் வா. சட்டை போட்டுக்கொள்கிறேன்."

பத்தடி தூரம்தான். அந்த வீட்டுக்கதவு அகலத் திறந்து கிடந்தது. இவர் படியில் நின்று திறந்த கதவைத் தட்டினார்.

"தொறந்த கதவ தட்றது யாருடா அது?" என்றாள் மாமியார். தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கட்டிலில் பக்கத்து வீட்டுக்காரி, போர்வைக்குள் பாதி முகம்.

இவர் உள்ளே போய் நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, வழியெல்லாம் மனப்பாடம் செய்ததைத் தமிழில் சொன்னார்.

"அம்மா, எலுமிச்சம்பழம், நான்தான் வெச்சேன். அது மருந்து. அவங்க இல்ல. நான்."

மாமியார் கையில் கீரை அப்படியே நின்றது. அவள் போர்வையை விலக்கி முழங்கையை ஊன்றி எழுந்தாள். "மாமாவா?" என்றாள். இருமலும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவளுக்கு.

மாமியார் சிரிக்கவில்லை. "நல்ல வேல செஞ்சீங்க மாப்ள! அமாவாசயும் அதுவுமா! உள்ள வந்து கையில குடுத்தா கை தேஞ்சிடுமா?"

அதை நான் அவருக்குச் சொன்னேன். அவர் பதிலைத் தன் மொழியில், என்னைப் பார்க்காமல், கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எங்கள் ஊரில் உள்ளே போக மாட்டோம். என் அம்மா படுத்திருந்தபோது தினமும் இதையே செய்து கதவுக்கு வெளியே வைப்பேன். மணி அடித்துவிட்டுப் போய்விடுவேன். மறுநாள் காலிப் பாட்டில் வெளியே இருக்கும். ஒன்பதாம் நாள் பாட்டில் அப்படியே இருந்தது. தூங்குகிறாள் என்று நினைத்தேன். புதுப் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனேன்."

என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை. கல்யாணமாகிப் பதினாலு வருஷம். அவர் அம்மா எங்கள் கல்யாணத்துக்கு முன்பே இறந்தவர் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

"இன்னாக்கா சொன்னாரு?" என்று அவள் கேட்டாள். விட்டு விட்டுச் சொன்னேன்.

மாமியார் எழுந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, இவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, கட்டிலோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தாள். "உக்காருங்க" என்றாள். அப்புறம் செருப்பைத் தேடினாள். "நான் போயி பெரியவள இட்டாரேன். அவ கால்ல வுழுந்தாலும் தப்பில்ல."

இவருக்கு நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்வதென்று தெரியவில்லை. எவ்வளவு நேரம் என்று கண்ணாலேயே என்னைக் கேட்டார். நான் பார்க்காததுபோல் இருந்தேன். அவள் கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடித் தூங்கிவிட்டாள். இவர் எழுந்திருக்கவில்லை. அவள் மூச்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய மருமகள் அழுத முகத்தோடு வந்தாள். இவர் எழுந்து, "மன்னிச்சிடுங்க" என்று கைகூப்பினார். "சரி வுடுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் அவள், ஆனால் டீ போட்டு முதல் டம்ளரை இவரிடம்தான் கொடுத்தாள். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்ததும் எங்கள் வீட்டுப் படி ஏறாமல் தெருவிலேயே நின்றார்.

"எனக்கு உடம்பு முடியாமல் போனால் எல்லாரையும் போகச் சொல்லிக் கத்துவேன். நீ கேட்காதே. உள்ளே விடு."

"எங்கே? இங்கேயா?"

"இங்கேதான்."

"கிறிஸ்துமஸுக்கு அப்புறமுமா?"

"அப்புறமும்தான்" என்றார்.